சுண்டல் கிழவியின் கலாசாலை

மதுரையிலிருந்து நத்தம் செல்லும் சாலையை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். முன்பெல்லாம் நகரத்தின் எல்லையைத் தாண்டுவதற்குள்ளேயே பிரயாணியின் பொறுமையில் பாதி தீர்ந்துவிடும். 2023-ம் ஆண்டில், ஏழு கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள மேம்பாலம் ஒன்றைத் திறந்து வைத்தார்கள். அதன் பிறகு அந்தப் பாதிப் பொறுமை மிச்சமாகிறது. மிச்சமான பொறுமையை எங்கே செலவிடுவது என்று யோசித்துக் கொண்டிருந்தபோது, கிரிக்கெட்டுப் பந்தயத்தைக் காட்டிலும் தகுந்த இடம் வேறில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஆகவே, ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை, நாமும் நத்தத்துக்குப் புறப்பட்டோம்.

அங்கே என்.பி.ஆர். கலாசாலையின் மைதானம் இருக்கிறது. பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்தரை, அதற்கப்பால் மலைத்தொடர், அந்தி மயங்கியதும் இரவைப் பகலாக்கும் விளக்குகள். தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் இருபது ஓவர்ப் போட்டி 2016-ல் ஆரம்பமான வருஷத்திலேயே அந்த மைதானத்தில் ஆட்டங்கள் நடந்தன. நமக்குப் பக்கத்து ஆசனத்தில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். வர்த்தகப் பாடம் எடுத்துப் பட்டப் படிப்புப் படிக்கிறவன். எந்த ஆட்டக்காரன் எந்த வருஷத்தில் எத்தனை ஓட்டம் எடுத்தான் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். புள்ளி விவரங்கள் அவன் வாயிலிருந்து அருவியாகக் கொட்டின.

"தம்பி! இந்த ஒரு நாள் ஆட்டத்தை நடத்த என்ன செலவு ஆகும்? அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டோம்.

இளைஞன் நம்மை ஏற இறங்கப் பார்த்தான். "அது நமக்கெதுக்கு சார்?" என்றான்.

பதில் நியாயமாகத்தான் பட்டது. தொண்டையை நனைத்துக் கொள்ளலாம் என்று இருவருமாக வெளியே வந்தோம். வாசலுக்குச் சற்றுத் தூரத்தில், சாலையோரப் புளிய மரத்தடியில், ஒரு கிழவி சுண்டல் கூடையுடன் உட்கார்ந்திருந்தாள். நம்மைக் கண்டதும், "சாமி! உள்ளே எத்தனாவது ஓவர் நடக்குது?" என்று கேட்டாள்.

"பதினான்காவது, பாட்டி" என்றான் இளைஞன்.

அவ்வளவுதான். கிழவியின் கைகள் பரபரவென்று காகிதப் பொட்டலங்களைச் சுருட்டத் தொடங்கின. "இன்னும் ஆறு ஓவர்ல சனம் வெளிய வந்துரும் தம்பி. வந்த பெறகு சுருட்டிக்கிட்டு இருந்தா யாரு நிப்பாக?" என்றாள். பிறகு, கேளாமலே மேலும் சொன்னாள்: "சொந்த டீமு தோக்கிற மாதிரி இருந்தா, பாதிச் சனம் முன்னாடியே வீட்டுக்குப் போயிரும். அதான் கடலையை ரெண்டு பங்கா வச்சிருக்கேன். ஒரு பங்குதான் அவிச்சது. இன்னொண்ணு ஊறிக்கிட்டு இருக்கு."

"மழை வந்துவிட்டால்?" என்று கேட்டோம்.

"வெலையைக் கொறைச்சுப் போட்டுட்டுப் போயிருவேன். சுண்டல் நாளைக்கு ஊசிப் போகும் சாமி; காசு ஊசிப் போகாதுல்ல?"

வாடிக்கைக்காரன் எப்போது வருவான் என்று அறிவது, வருவதற்கு முன் ஆயத்தமாயிருப்பது, சரக்கு முழுவதையும் ஒரே சமயத்தில் பணயம் வைக்காமலிருப்பது, நஷ்டம் வரும் என்று தெரிந்தால் அதைச் சிறு நஷ்டமாக்கிக் கொண்டு நடையைக் கட்டுவது – வியாபாரக் கலையின் நான்கு பெரிய அத்தியாயங்களையும் கிழவி அந்தப் புளிய மரத்தடியில் நமக்குச் சொல்லி முடித்துவிட்டாள். சம்பளம் கட்டி இதே அத்தியாயங்களைப் புஸ்தகத்தில் படித்துக் கொண்டிருந்த இளைஞன், தான் பாடம் கேட்டதையே அறியாமல், சுண்டலைத் தின்று கொண்டிருந்தான்.

அவனைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. கிழவிக்குக் கூடை இருந்தது. அவன் கையில் இது வரை யாரும் ஒரு கூடையைக் கொடுக்கவில்லை. இந்த வாரம் நாம் சொல்ல விரும்புவதெல்லாம் அந்தக் கூடையைப் பற்றித்தான்.

* * *

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விசேஷம் உண்டு. அதன் ஆட்டங்களில் பல கலாசாலை மைதானங்களில் நடந்திருக்கின்றன. நத்தத்தைச் சொன்னோம். கோயம்புத்தூரிலும் எஸ்.என்.ஆர். கலாசாலையின் மைதானத்தில்தான் ஆடினார்கள். 2025-ம் ஆண்டு அக்டோபரில் மதுரைச் சிந்தாமணிப் பகுதியில் மகேந்திர சிங் தோனி திறந்து வைத்த புதிய கிரிக்கெட்டு மைதானத்தைக் கட்டியதும் வேலம்மாள் கல்வி அறக்கட்டளையே. ஆக, நிலம் கல்வி ஸ்தாபனத்தினுடையது. ஆட்டம் தொழில்முறைக் குழுவினுடையது. இரண்டும் ஒரே மதிற்சுவருக்குள் வந்து சேர்ந்துவிட்டன. கல்யாணத்துக்கு மண்டபமும் கிடைத்தது. இரு வீட்டாரும் வந்து உட்கார்ந்தாயிற்று. இனித் தாலி கட்ட வேண்டியதுதான் பாக்கி!

மதுரைக் குழுவின் கதையையே எடுத்துக் கொள்வோம். 2016-ல் மதுரை சூப்பர் ஜயண்ட்ஸ் என்ற பெயருடன் அது களத்தில் இறங்கியது. முதல் இரண்டு பருவங்களிலும் அது பட்ட பாட்டை மதுரைவாசிகள் மறக்க விரும்புவார்கள். 2018-ல் மதுரை பாந்தர்ஸ் என்று பெயர் மாறியது. பெயருடன் ஜாதகமும் மாறியது போலும்! அந்த வருஷம் சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல் டிராகன்ஸை வென்று கோப்பையைக் கொண்டு வந்தது.

இதில் ஒரு விந்தையைப் பாருங்கள். 2016 முதல் 2025 வரை நடந்த பருவங்கள் எதிலும் மதுரை நகரத்துக்குள் ஓர் ஆட்டமும் நடக்கவில்லை. நத்தத்திலும் திருநெல்வேலியிலும் சேலத்திலும் கோவையிலும் சென்னையிலும் மதுரையின் பெயரைத் தாங்கி ஆடிய குழுவை, மதுரை ஜனங்கள் தொலைக்காட்சிப் பெட்டியில்தான் தரிசித்தார்கள். கள்ளழகராவது வருஷத்துக்கு ஒரு முறை மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வந்துவிடுகிறார். மதுரைக் குழுவோ கோப்பையை வென்ற வருஷத்திலும் சொந்த ஊரில் ஆடவில்லை!

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது எவ்வளவு ருசிகரமான பிரச்னை! 2011-ம் வருஷத்துக் குடிமதிப்பிலேயே பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை கொண்ட பட்டணம். அதன் பெயரில் ஒரு குழு. ஆனால் ஊரார் அதைக் கண்ணால் கண்டதில்லை. எட்டுக் குழுக்களில் ஒன்றாகச் சேர்ந்து, லீக் சுற்றில் ஏழு ஆட்டம் ஆடி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் மூட்டை கட்டிவிடுகிறது. மற்றப் பதினோரு மாதமும் அந்தப் பெயர் உறங்குகிறது. உறங்கும் பெயரை ஊரார் நெஞ்சில் எப்படி விழித்திருக்கச் செய்வது? இந்தக் கேள்வியைப் பரீட்சைத் தாளில் போட்டால் மாணாக்கர்கள் மூன்று பக்கம் எழுதுவார்கள். ஆசிரியர் எட்டு மார்க்குக் கொடுப்பார். அத்துடன் சரி. கேள்வியை உண்மையாகவே அவர்கள் கையில் கொடுத்து, "வருகிற ஆனிக்குள் செய்து காட்டுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்?

* * *

இங்கிலாந்தில் பர்ன்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. லங்காஷயரைச் சேர்ந்த பஞ்சாலை ஊர். ஹார்வி ஆலையின் சங்கொலி கேட்டு வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு அந்த ஊரின் வாழ்வும் தாழ்வும் எளிதில் விளங்கும். லங்காஷயர்த் துணிக்கு எதிராக நம் தேசம் இராட்டையைக் கையில் எடுத்த கதையும் நமக்குத் தெரியும். பிற்காலத்தில் அங்கே தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆனால் 1883-ம் வருஷத்திலிருந்து பர்ன்லிக் கால்பந்துக் கழகம் ஆடி வரும் டர்ஃப் மூர் மைதானம் மட்டும் ஓயவில்லை. 1888-ல் கால்பந்து லீக்கை ஆரம்பித்த பன்னிரண்டு கழகங்களில் பர்ன்லியும் ஒன்று. அந்த மைதானத்துக்குள்ளேயே 2011-ல் கால்பந்து வியாபாரத்தைக் கற்பிப்பதற்காக ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். யூ.சி.எஃப்.பி. என்று அதற்குப் பெயர். டிக்கெட்டு விற்பது, விளம்பரம் பிடிப்பது, கணக்கு வைப்பது, பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவது ஆகியவையெல்லாம் அங்கே பட்டப் படிப்பின் பாடங்களாயின. ஜன்னலைத் திறந்தால் மைதானம். பாடம் ஒரு பக்கம். பாடத்தின் பொருள் மறு பக்கம். பின்னர் அந்த ஸ்தாபனம் லண்டன் வெம்பிளிக்கும் மான்செஸ்டருக்கும் பரவியது.

பட்டப் படிப்புக்கு வராத பிள்ளைகளையும் அங்கே மறந்துவிடவில்லை. இங்கிலாந்தின் பெரிய கால்பந்துக் கழகங்கள் தத்தம் ஊர்ப் பள்ளிகளுடன் சேர்ந்து 'பிரீமியர் லீக் என்டர்பிரைஸ்' என்ற திட்டத்தை நடத்தின. மாணவர் குழுக்களிடம் விளையாட்டு வியாபாரத்தைச் சேர்ந்த ஒரு பிரச்னையைக் கொடுப்பார்கள். அவர்கள் ஆராய்ந்து, யோசனை வகுத்து, நடுவர்கள் முன்னால் வந்து எடுத்துரைக்க வேண்டும். 2019-ல் 'பிரீமியர் லீக் இன்ஸ்பயர்ஸ்' என்ற திட்டம் வந்தது. இது பதினொன்று முதல் இருபத்தைந்து வயது வரையில் உள்ளவர்களுக்கு, அதிலும் தங்கள் திறமைக்கேற்ற நிலையை எட்டாமலே நின்று விடக்கூடிய பிள்ளைகளுக்கு ஏற்பட்டது. வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வெளியே பார்க்கும் பையன், தன் அபிமானக் கழகத்தின் பெயரைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக் கேட்கிறான். அந்த ஒரு திருப்பத்தை நம்பித்தான் இந்த ஏற்பாடே நடக்கிறது.

கிரிக்கெட்டோ கால்பந்தோ அப்படி என்ன உசத்தி, சோப்புக் கம்பெனியிலும் எண்ணெய்க் கடையிலும் வியாபாரம் கற்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: கற்கலாம். ஆனால் விளையாட்டுக் குழுவில் மூன்று சௌகரியங்கள் கூடுதலாக இருக்கின்றன. முதலாவது, சரக்கின் தராதரம் மாணவனுக்கு ஏற்கனவே தெரியும். அதன் மேல் அன்பும் உண்டு. இரண்டாவது, ஆட்டம் தொடங்கும் நேரம் யாருக்காகவும் ஒத்திப் போடப்படுவதில்லை. பரீட்சையைக்கூடத் தள்ளி வைத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இரவு ஏழே கால் மணி ஆட்டத்துக்குத் தண்ணீர்ப் பந்தலை எட்டரை மணிக்குப் போட முடியாது. மூன்றாவது, நாளைக்கு வெல்வோமா தோற்போமா என்பது எவருக்கும் தெரியாது. தெரியாத நாளைக்காக இன்றைக்கே துணிந்து பணம் போடுவதுதான் தொழில் முயற்சி. அந்தத் துணிவையும் அதற்கு வேண்டிய அடக்கத்தையும் ஏழு ஆட்டங்களுக்குள் ஏழு தடவை கற்றுக் கொள்ளலாம்.

* * *

இது மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒத்து வராது என்று சில நேயர்கள் எண்ணக்கூடும். உண்மையில் இது நம் வீட்டுச் சரக்கு. அடுக்களைப் பரணில் போட்டுவிட்டு மறந்து விட்டோம்.

1937-ம் வருஷம் வார்தாவில் மகாத்மா காந்தி ஒரு கல்வி மகாநாட்டைக் கூட்டினார். கைத்தொழிலின் மூலமாகவே மற்றப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும், பிள்ளைகள் செய்யும் பொருள் உண்மையாகவே பயன்பட வேண்டும், அதன் வருமானம் பள்ளிக்கூடத்துக்குக் கைகொடுக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஆதாரக் கல்வி என்று தமிழில் அதற்குப் பெயர் வழங்கியது. நூல் நூற்பது மட்டும் அல்ல அதன் சாரம். நூற்ற நூலுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் பொய் இருக்கக் கூடாது. சரக்கு மட்டமானால் வாங்குகிறவன் திருப்பிக் கொடுத்து விடுவான் என்ற பயம் இருக்க வேண்டும். இதுவே ஆதாரக் கல்வியின் ஆதாரம்.

மதுரைச் சீமையில் இந்தக் கொள்கை வேர் விட்ட கதை சுவாரஸ்யமானது. உத்தியோகம் பார்த்து வந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் என்பவர், அதை விட்டுவிட்டு மோட்டார்த் தொழிலில் இறங்கி, 1911-ல் டி.வி.எஸ். ஸ்தாபனத்தை நிறுவினார். அவருடைய பஸ் வரும் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அவருடைய புதல்வி டாக்டர் சௌந்தரம் அம்மையார், தம் கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து, 1947-ல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தார். அங்கே ஆதாரக் கல்விக்கு ஓர் இல்லம் கிடைத்தது. தந்தை பஸ் விட்டு ஊருக்கு நேரந் தவறாமையைக் கற்பித்தார்; மகள் கைத்தொழிலின் மூலம் குழந்தைகளுக்கு உலகத்தைக் கற்பித்தார். இரண்டும் ஒரே குடும்பத்துப் பாடம். முயற்சியையும் தர்மத்தையும் நாம் இரண்டு தனித்தனிப் பெட்டிகளில் போட்டுப் பூட்டிவிட்டோம். அந்தக் குடும்பத்தில் இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருந்தன.

* * *

கொள்கை கிடக்கட்டும், காரியத்துக்கு வருவோம். மாணாக்கர்கள் செய்யக் கூடியது என்ன?

நத்தத்தில் மதுரைக் குழு ஆடுகிறது என்று வைத்துக் கொள்வோம். மதுரையிலிருந்து ஒரு பஸ்ஸை எட்டாயிரம் ரூபாய்க்கு அமர்த்துகிறார்கள். ஐம்பது ஆசனம். போக வர ஆளுக்கு இருநூறு ரூபாய். நாற்பது பேர் வந்தால் கைக்கும் வாய்க்கும் சரி. ஐம்பது பேரும் வந்தால் இரண்டாயிரம் ரூபாய் லாபம். முப்பத்தைந்து பேர் வந்தால் ஆயிரம் ரூபாய் நஷ்டம். முதல் நாள் மாலை வரையில் முப்பத்து மூன்று பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கட்டணத்தைக் குறைப்பதா? குறைத்தால், முன்பே இருநூறு கொடுத்தவர்கள் சண்டைக்கு வர மாட்டார்களா? மாட்டுத்தாவணியில் நின்று கூவி ஆள் பிடிப்பதா? பஸ்ஸையே ரத்து செய்வதா? செய்தால், பஸ்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பாரா? இந்த ஓர் இரவில் அந்தப் பிள்ளைகள் கற்பதை, ஒரு வருஷத்துப் பாட புஸ்தகம் கற்பித்துவிடும் என்று நாம் நம்பவில்லை.

இன்னொன்று. மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிர சமூகத்தார் நுண்ணிய முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து வளர்த்த கலை அது. குழுவின் வர்ணத்தில் சுங்குடிக் கைக்குட்டை செய்து விற்கலாமே! மாணவர்கள் முதலில் முடிச்சுப் போடும் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு கைக்குட்டைக்கு எத்தனை முடிச்சு, ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை முடிச்சுப் போடுவாள், அதற்குக் கூலி என்ன என்று கேட்டு எழுத வேண்டும். அப்போதுதான், "விலையைக் குறை!" என்று வாங்குகிறவர் சொல்லும்போது, குறைவது யாருடைய கூலி என்பது விளங்கும். நூறு கைக்குட்டை செய்வதா, ஐந்நூறு செய்வதா என்பது அடுத்த கேள்வி. ஒன்று மட்டும் முன்கூட்டியே எச்சரித்து வைக்கிறோம்: துணியில் வருஷத்தை அச்சடிக்க வேண்டாம். தோற்றுவிட்டால், வருஷம் போட்ட கைக்குட்டை மூக்கைத் துடைக்கத்தான் உதவும்!

பருவம் முடிந்த பதினோரு மாதங்களில் செய்யக் கூடியவையும் உண்டு. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் பள்ளிக்கூடங்களுக்கிடையே பந்தயம் வைத்துக் குழுவின் பெயரை ஊரூராகக் கொண்டு போகலாம். மைதானத்தில் ஸ்திரீகளும் குழந்தைகளும் சௌகரியமாக உட்கார என்ன வேண்டும் என்று விசாரித்துக் கணக்கெடுத்துக் கொடுக்கலாம். கிரிக்கெட்டு மட்டுமே என்றும் நினைக்க வேண்டாம். 2025-ம் ஆண்டு இறுதியில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் சென்னையிலும் மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்திலும் நடந்தன. மதுரைக்கு உலகமே விருந்தாளியாக வந்து போயிற்று. விருந்தாளியை உபசரிக்கத் தெரிந்த ஊருக்கு உபசாரத்தைத் தொழிலாக்கிக் கொள்ளவும் தெரிய வேண்டும்.

* * *

இவ்வளவு சொன்ன பிறகு, ஆபத்துக்களையும் சொல்லாமற் போனால் நாம் விளம்பரக்காரர் ஆகிவிடுவோம்.

ஆதாரக் கல்வி வந்தபோதே, பள்ளிக்கூடத்தைத் தொழிற்சாலை ஆக்குகிறார்கள், குழந்தைகளை வேலை வாங்குகிறார்கள் என்று ஆட்சேபித்தவர்கள் இருந்தார்கள். அந்த ஆட்சேபணையை நாம் அலட்சியம் செய்யவில்லை. இன்றைக்கு அதற்கு இன்னும் அதிக நியாயம் உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு கலாசாலையில், ஊர் பேர் வேண்டாம், ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு 'அனுபவம் கிடைக்கும்' என்று சொல்லி மாணவர்களை அழைத்துப் போனார்கள். இரண்டு நாள் நாற்காலி தூக்கினார்கள். கயிறு பிடித்து நின்றார்கள். கடைசியில் ஒரு சட்டையும் ஒரு நற்சாட்சிப் பத்திரமும் கிடைத்தன. அவர்கள் கற்ற வித்தை நாற்காலி தூக்கும் வித்தை ஒன்றுதான். அதற்குக் கூலியாவது கொடுத்திருக்கலாம்!

ஆகையால், குழுவும் கலாசாலையும் கை கோக்கும்போது சில நிபந்தனைகளை எழுத்தில் வைக்க வேண்டும். உடலால் செய்யும் வேலைக்குக் கூலி உண்டு. மூளையால் செய்யும் முயற்சிக்கு, சிறிதானாலும் தனியான ஒரு பணப் பை உண்டு. அந்தப் பையின் கணக்குப் புத்தகம் மாணவர்கள் கையில் இருக்க வேண்டும். ஆசிரியர் அதைத் தணிக்கை செய்யலாம், எழுதக் கூடாது. நஷ்டம் வந்தால் எவ்வளவு வரையில் தாங்கலாம் என்று முன்பே வரம்பு கட்டி, அந்த வரம்புக்குள் நஷ்டப்பட அவர்களுக்குப் பூரண சுதந்திரம் கொடுக்க வேண்டும். நஷ்டப்பட அனுமதியில்லாத இடத்தில் வியாபாரம் கற்க முடியாது.

சூதாட்டத்தின் நிழலையும் மறக்கலாகாது. 2019-ல் இந்தப் போட்டியிலேயே ஆட்டக்காரர்களைச் சூதாட்டக்காரர்கள் அணுகியதாகப் புகார் எழுந்து, இந்தியக் கிரிக்கெட்டு வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரணை நடத்தியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுக்களை 2025-ல் இந்திய சர்க்கார் சட்டமியற்றித் தடுத்தது. அது வரையில் அத்தகைய விளையாட்டின் பெயர் தேசக் குழுவின் மார்பிலேயே எழுதியிருந்தது. விளம்பரப் பணம் எங்கிருந்து வந்தாலும் பணந்தானே என்று நினைக்கிறவன் வியாபாரி அல்ல. எந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்வது என்பதும் மாணவர்களின் பாடத் திட்டத்தில் ஒரு பாடமாக இருக்கட்டும்.

கடைசி நிபந்தனை மிகவும் முக்கியம். இந்த வாய்ப்பு பட்டணத்தில் இங்கிலீஷ் பேசும் பிள்ளைகளோடு நின்றுவிடக் கூடாது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பொங்கலை ஒட்டிக் கபடிப் பந்தயம் நடத்தும் இளைஞர்களைப் பாருங்கள். நன்கொடைப் பட்டியல் போடுகிறார்கள். முதல் பரிசை யார் தருவது என்று பிரமுகர்களுக்குள் போட்டி மூட்டி விடுகிறார்கள். நோட்டீஸ் அச்சடிக்கிறார்கள்; ஒலிபெருக்கிக்குப் பேரம் பேசுகிறார்கள்; வெளியூர்க் குழுக்களுக்குச் சோறு போடுகிறார்கள்; வரவு செலவை ஊர்ச் சாவடியில் வாசித்துக் காட்டுகிறார்கள். தொழில் முயற்சி என்ற பெயர்தான் அவர்களுக்குத் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும். 2022 முதல் நடந்து வரும் 'நான் முதல்வன்' திட்டத்தில் மாணவர்களுக்குப் பல திறன்களைக் கற்பிக்கிறார்கள். கற்பிப்பவர்களில் ஒரு நாளைக்கு இந்தக் கபடிக் கமிட்டிக் காரியதரிசிகளும் இருக்கட்டுமே!

நம் வீடுகளில் பிள்ளை பட்டம் வாங்கியதும் கேட்கப்படும் முதல் கேள்வி, "எங்கே உத்தியோகம்?" என்பது. உத்தியோகம் தேடி நம் பிள்ளைகள் ரெயில் ஏறுகிறார்கள். பழங்காநத்தத்திலும் பைபாஸ் சாலையிலும் பிறர் வந்து கடை திறக்கிறார்கள். உத்தியோகம் பார்ப்பதை இழிவென்று சொல்லவில்லை. ஆனால், பத்துப் பேருக்கு உத்தியோகம் கொடுக்கும் ஆற்றல் நம் பிள்ளைக்கு இருக்கிறதா என்பதைச் சோதித்துப் பார்க்கவாவது ஒரு சந்தர்ப்பம் வேண்டாமா? அந்தச் சந்தர்ப்பம் மதிற்சுவருக்கு உள்ளேயே, விளக்கு வெளிச்சத்தில், வருஷத்துக்கு ஒரு மாதம் நடந்துகொண்டிருக்கிறது.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. புளிய மரத்தடியில் கிழவி கூடையைக் கவிழ்த்து வைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணிக் கொண்டிருந்தாள். நம்முடன் வந்த இளைஞன் அவள் எதிரில் போய்க் குந்தினான்.

"பாட்டி, ஒரு பொட்டலத்துக்கு உங்களுக்கு என்ன அடக்கம் ஆகுது?" என்று கேட்டான்.

கிழவி எண்ணுவதை நிறுத்தாமலே அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்குச் சாயங்காலம் வெரசா வந்து கடலையைக் களைஞ்சு குடு. சொல்றேன்" என்றாள்.

அவன் போனானா என்று நமக்குத் தெரியாது. போயிருந்தால், அவன் சேர்ந்த கலாசாலைகளிலே அதுதான் சிறந்தது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.